பார்க்க பாகுபலி, உள்ளே வெல்டிங்: 'ரெப்ளிக்கா' வாள் வாங்கும் முன் எதைக் கவனிக்கணும்?

'ரெப்ளிக்கா லாங்ஸ்வேர்டு' என்று ஆன்லைனில் தேடிப் பாருங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஜான் ஸ்னோவின் வாள் தொடங்கி, ஐரோப்பிய வீரர்கள் இரண்டு கைகளால் பிடித்துச் சண்டை போட்ட நீள வாள்கள் வரை பளபளவென வரிசை கட்டி நிற்கும். போட்டோவில் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும்.

மலிவானவற்றில் பெரும்பாலானவை சுவரில் மாட்டத்தான் லாயக்கு. அதில் தப்பே இல்லை. சுவரில் மாட்ட வேண்டியதைக் கையில் எடுத்துச் சுழற்றும்போதுதான் வம்பு. அமெரிக்க டிவி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில், ஜப்பானிய பாணி வாளின் உறுதியைக் காட்ட தொகுப்பாளர் அதை மேஜையில் தட்டுவார். வாள் உடைந்து, நுனி அவர் மேலேயே பாயும். இன்றும் இணையத்தில் சுற்றும் வீடியோ அது. நேரலையில் நடந்தது வீட்டு மொட்டைமாடியில் நடந்தால், எதிரே நிற்பது தம்பியாகவோ நண்பனாகவோ இருக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் 'இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்' பார்த்தவர் எல்லா தெருவிலும் ஒருவராவது இருப்பார். வெளியிலிருந்து வரும் பாகத்துக்கு அவர் கேட்கும் கேள்விகள்தான் வாளுக்கும்: என்ன மெட்டீரியல், ஹீட் ட்ரீட்மென்ட் ஆகியிருக்கா, ஜாயின்ட் எங்கே?

எந்த ஸ்டீல்?

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காது' என்று விளம்பரத்தில் இருந்தால், அது அலங்கார வாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் அருமையான பொருள். ஆனால், முக்கால் மீட்டருக்கு மேல் நீளமான அலகு வேகமாக மோதும்போது வளைந்து, திரும்ப நேராக வேண்டும். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ரகங்கள் அந்த நீளத்தில் ஒன்று வளைந்தே நின்றுவிடும், இல்லையென்றால் பட்டென்று ஒடியும்.

வாளுக்குத் தேவை கார்பன் ஸ்டீல் அல்லது ஸ்பிரிங் ஸ்டீல். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டை இருக்கிறதே, அதே இனம்தான். இஎன்45 என்ற பெயர் ஆட்டோமொபைல் ஆட்களுக்குப் பழக்கமானது. நம்ம ஊர் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடிப்பிடித்து அரிவாள் அடிப்பதும் இதனால்தான். பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் நிமிரும்.

ஆனால், நல்ல ஸ்டீல் மட்டும் போதாது. பழுக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து, பிறகு மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தணும். பட்டறையில் இதைத் தோய்ச்சல் என்பார்கள். தோய்ச்சல் சரியில்லை என்றால் இஎன்45-ம் வெறும் தகடுதான். விற்பவரிடம் 'எச்ஆர்சி எவ்வளவு?' என்று கேளுங்கள். வாளுக்குச் சுமார் 48 முதல் 55 வரை இருக்கலாம். '60-க்கு மேல, செம ஹார்டு' என்று பெருமையாகச் சொன்னால் உஷார். சின்னக் கத்திக்கு அது நல்ல எண். நீள வாளில் அவ்வளவு கடினம் இருந்தால் ஒடியும் ஆபத்தும் கூடவே வரும்.

கைப்பிடிக்குள் என்ன இருக்கு?

வாளின் அலகு கைப்பிடியோடு முடிவதில்லை. அதன் தொடர்ச்சி கைப்பிடிக்குள் நாக்கு போல நீண்டு போகும். 'டேங்' என்பது இதைத்தான். நல்ல வாளில் அலகும் இந்த நாக்கும் ஒரே இரும்பு. கைக்காப்பைத் தாண்டி அகலமாக ஓடி, கைப்பிடி முழுவதையும் கடந்து, அடியில் இருக்கும் குமிழ் வரை வரும். அங்கே நுனியைத் தட்டி விரித்திருப்பார்கள், அல்லது உறுதியான நட் போட்டிருப்பார்கள்.

மலிவு வாளில் என்ன செய்கிறார்கள்? அலகைக் கைக்காப்புக்குக் கீழே குட்டையாக வெட்டிவிட்டு, மெல்லிய மரையாணிக் கம்பி ஒன்றை வெல்டு வைத்துவிடுகிறார்கள். எலிவால் என்று இதற்குச் செல்லப்பெயர். வாளை வீசும்போது வளைவு விசை அதிகம் விழுவது கைக்காப்பை ஒட்டிய இடத்தில். வெல்டிங் சூட்டால் பதம் கெட்டுப்போயிருப்பதும் அதே இடம். வெல்டரிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். கைப்பிடி உங்கள் கையிலேயே இருக்கும், அலகு மட்டும் பறந்து போகும்.

இதைப் பிரிக்காமல் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால், கைப்பிடி போடும் முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். அக்கறையாகச் செய்பவர் அனுப்பிவிடுவார். நேரில் பார்த்தால், வாளைக் காதருகே மெதுவாகக் குலுக்குங்கள். 'கடகட' சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கடைக்குள் வீசிப் பார்க்கவோ, முழங்காலில் வைத்து வளைக்கவோ வேண்டாம். உடைந்தால் பில்லும் காயமும் உங்களுக்கு.

வெர்னியர் எடுங்க

அந்தக் கால வாள் 10 கிலோ இருக்கும் என்பது சினிமா தந்த நம்பிக்கை. இரண்டு கை நீள வாளே பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோதான். மொத்த நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நகல் வாள் இரண்டரை கிலோ கனத்தால், அது வலிமை இல்லை, வேலை மிச்சம்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் அலகின் தடிமனை அளந்து பாருங்கள். கைக்காப்பு அருகே 5, 6 மி.மீ. இருந்தால், நுனிக்குப் போகப்போகக் குறைந்து பாதிக்குக் கீழேகூட வரணும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தடிமன் என்றால், தகட்டை வடிவத்துக்கு வெட்டி விளிம்பை மட்டும் தேய்த்த வேலை. ஒரு விரல்மேல் வைத்து நிறுத்திப் பார்த்தால், கைக்காப்பிலிருந்து 7 முதல் 15 செ.மீ.க்குள் சமநிலை கிடைக்கணும். அலகின் நடுவே ஓடும் பள்ளம் ரத்தம் வடிய என்பதும் கட்டுக்கதை. பலம் குறையாமல் எடையைக் குறைக்கத்தான் அது.

'டமாஸ்கஸ்' என்று சொன்னால்?

அலை அலையான கோலம் போட்ட வாளுக்கு விலையும் கூடுதல். நமக்கு இதில் கொஞ்சம் உரிமையே உண்டு. டமாஸ்கஸ் வாள்களுக்குப் புகழ் தந்தது தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய 'வூட்ஸ்' எஃகு. தமிழ் 'உருக்கு', கன்னட 'உக்கு' வழியாக வந்த பெயர் அது என்பார்கள். கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டம் இந்த எஃகுக்குப் பேர்போனது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தது நினைவிருக்கலாம்.

இன்று 'டமாஸ்கஸ்' என விற்பது பெரும்பாலும் வேறு. இரண்டு வகை ஸ்டீலை அடுக்கி, அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்துக் கோலத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். பிரச்சினை, சாதாரண தகட்டின்மேல் கோலத்தை மட்டும் அச்சடிப்பது. அலகின் முதுகைப் பாருங்கள்: நிஜமான அடுக்கு என்றால் கோடுகள் அங்கேயும் தொடரும். அச்சு என்றால் இரண்டு பக்கமும் கோலம், முதுகு மொட்டை.

லைசென்ஸ் வேணுமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் வாள் என்ற பெயரே இருக்கிறது. கத்தி போன்றவற்றில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவையும் அதில் வரும். வீட்டு, விவசாய, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானவைக்கு விலக்கு உண்டு. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதை ஆயுதச் சட்டம் 1959 ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால் 'ரெப்ளிக்கா' என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் ஒரு வாள் பொம்மை ஆகிவிடாது. கூர் ஏற்றினால் வெட்டும் என்றால், கேள்வி வரும்.

வாள் வைத்திருக்க லைசென்ஸ் தேவையா என்பது அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. எனவே ஆர்டர் போடும் முன் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது. விளிம்பு மழுங்கலாக இருப்பதையே வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பெங்களூருவில் வாங்கினால் இன்னொரு சிக்கல்: அத்திப்பள்ளி வரை கர்நாடக போலீஸ், ஜுஜுவாடி தாண்டினால் தமிழ்நாடு போலீஸ். முதுகில் வாளை மாட்டிக்கொண்டு பைக்கில் வருபவர் இரண்டு இடத்திலும், இரண்டு மொழியிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.