மழைக்கோட்டுக்குள்ளும் நனைகிறீர்களா?

ஐப்பசி அடைமழையில் சைக்கிளில் போகிறவரா நீங்கள்? 'கோட்டு போட்டும் உள்ளே ஈரமா இருக்கே!' என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். பாதி உங்கள் வியர்வைதான்! பிளாஸ்டிக் கோட்டில் காற்று போக வழியில்லை. மிதிக்க மிதிக்கப் புழுங்கும். அக்குளில் காற்றுத் துளைகள் உள்ளதா, தையலின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சள் நிறம் நல்லது. மழை மூட்டத்தில் கறுப்புக் கோட்டு லாரிக்காரர் கண்ணில் படாது. காலைச் சுற்றித் தொங்கும் நீளக் கோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். செயினில் சிக்கினால் ஆளையே சாய்த்துவிடும். தலைமூடி பக்கத்துப் பார்வையை மறைக்கிறதா என்று கடையிலேயே திரும்பிப் பாருங்கள்.

ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சைதான். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் போடுங்கள். இஸ்திரி கூடாது, பூச்சு உருகிவிடும். வியர்த்த சட்டையையும் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் படர்தாமரைக்கு நீங்களே இடம் கொடுத்த மாதிரி.