கனியாமூரை எரித்தது எது?

கல்வராயன் மலைச்சாரலையுடைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரை நினைவிருக்கிறதா?

2022 ஜூலை 13ஆம் நாள். அங்கே தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி மாண்டாள். பெற்ற வயிறு பற்றி எரிய, நீதி கேட்டாள் தாய். நியாயந்தானே! ஆனால் அந்த நெருப்பில் வேறு சிலர் குளிர்காய்ந்தனர். கொன்றவர் இன்னார், மறைப்பவர் இன்னார் என்று விசாரணை முடியுமுன்னே வாட்ஸ்அப்பில் தீர்ப்பெழுதினர்.

17ஆம் நாள் ஞாயிறு. திரண்டது கூட்டம். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவலர் பலர் காயமுற்றனர். பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. மேசை நாற்காலியைத் தலையில் சுமந்து போனவர்களும் உண்டு. நல்ல துக்க விசாரிப்பு!

திடீர்க் கோபமல்ல, திட்டமிட்ட செயல் என்றது சென்னை உயர்நீதிமன்றம், மறுநாளே. கைதான பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஆகஸ்டில் பிணை வழங்கியபோது, கொலைக்கோ பாலியல் கொடுமைக்கோ சான்றில்லை என்றும் சொன்னது. அந்த முடிவைத் தாய் ஏற்கவில்லை. அவர் நாடியது நீதிமன்றத்தை, தீப்பந்தத்தையல்ல.

கலவரத்தில் கைதானோர் முந்நூறுக்கு மேல். செய்தியைக் கிளப்பியவர்களிலும் சிலர் சிக்கினர். ஆனால் அதை நம்பிக் கல்லெடுத்த இளைஞனுக்கோ, கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலையும் பிழைப்பு!