கைப்பேசியிலும் காக்க வேண்டிய ஆசாரம்

திருக்கோயிலுக்குச் செல்வோர் காலணியை வெளியே விட்டுச் செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இப்பொழுது பல ஆலயங்களில் கைப்பேசிக்கும் ஒரு காப்பகம் அமைந்துவிட்டது. தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. சந்நிதியின் அமைதியும் தூய்மையும் கெடலாகாது என்பதே இதன் நோக்கம்.

தரிசனம் முடிந்ததும் சீட்டைக் கொடுத்துக் கைப்பேசியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அதன்பின் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்று கூறும் அறிவிப்புப் பலகை எங்கும் இல்லை. அதனை வீட்டில்தான் கற்பிக்க வேண்டும். தாய் தந்தையர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில், பள்ளி விட்டு வந்த பிள்ளை விளக்கேற்றும் நேரம் வரை தாத்தா பாட்டியின் பொறுப்பிலேயே இருக்கிறது. பாடம், விளையாட்டு, நட்பு ஆகிய மூன்றும் அதன் கையிலுள்ள திரைக்குள்ளேயே நிகழ்கின்றன.

"இதனை இயக்கவே பேரனிடம்தான் கேட்கிறோம், அவனுக்கு நாம் என்ன கற்பிப்பது?" என்று பெரியோர் தயங்குவதுண்டு. தயக்கம் வேண்டாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது, யாரை நம்பலாம் என்பனவற்றை வாழ்ந்து அறிந்தவரே கூற இயலும். நீராடுவது, உண்பது, பெரியோர்முன் பேசுவது என ஒவ்வொன்றுக்கும் முறை வகுத்து ஆசாரக்கோவை என்றொரு நூலே செய்தவர்கள் நம் முன்னோர். இணையத்துக்கும் அத்தகைய ஆசாரம் தேவைப்படுகிறது.

பாதி உண்மையின் பாவம்

பாரதப் போரில் துரோணாசாரியாரை வெல்ல இயலாத நிலையில், அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைப் பீமன் கொன்றான். தம் மகன்தான் இறந்தானோ எனக் கலங்கிய ஆசாரியார், பொய் உரையாத தருமபுத்திரரிடம் கேட்டார். அவர் அசுவத்தாமன் இறந்ததை உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொன்னார். அதுவரை நிலத்தில் படாமல் நால்விரல் உயரத்தில் சென்ற அவரது தேர் அக்கணமே மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம்.

வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் செய்திகளுள் பல இத்தகைய பாதி உண்மைகளே. பழைய படத்துக்குப் புதிய தேதியும், வேற்றூர் நிகழ்ச்சிக்கு நம் ஊரின் பெயரும் இட்டுவிடுவர். இதனால் உயிரே போனதுண்டு. 2018 மே மாதம், சென்னையைச் சேர்ந்த 60 வயதைக் கடந்த ஒரு மூதாட்டி உறவினர்களுடன் குலதெய்வக் கோயிலை நாடிக் காரில் சென்றார். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே வழி கேட்க நின்றபோது, அங்கிருந்த குழந்தைகளுக்கு அன்புடன் மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியது, அம்மூதாட்டி உயிரிழந்தார். வதந்தியை அனுப்பியவர்களுள் பலர் பிறரை எச்சரிப்பதாகவே எண்ணியிருப்பர்.

நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியின்மேல் இப்போது இரட்டை அம்புக்குறி காணப்படும். அந்தக் குறியைப் பேரக்குழந்தைக்குக் காட்டி, "இதை முதலில் சொன்னவர் யார்? எந்த நாளில்? வேறெங்கேனும் இச்செய்தி வந்துள்ளதா?" என்று கேட்கப் பழக்குங்கள். விடை கிடைக்காத செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். பதினோரு பேருக்கு அனுப்பினால் நன்மை விளையும் என்று சுவாமி படத்துடன் வருவனவற்றுக்கும் இதுவே விதி. இறைவனின் அருள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டதன்று.

மறைத்தல் குற்றமன்று

பாண்டவர்கள் வாரணாவதம் புறப்பட்டபோது, அரக்கு மாளிகையின் ஆபத்தை விதுரர் தருமபுத்திரருக்கு மட்டும் விளங்கும்படி குறிப்பாக உணர்த்தினார். அருகிலிருந்த மற்றவர்க்கு அது புரியவில்லை. அந்த மறைபொருளே ஐவரையும் குந்தி தேவியையும் காத்தது. உரியவருக்கு மட்டும் உரியதைச் சொல்லும் இவ்வறிவையே இன்று தனியுரிமை என்கிறோம். இது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, கடவுச்சொல் ஆகியவற்றை அறிமுகமற்றோர்க்குத் தரலாகாது என்று பிள்ளைகளுக்குக் கூறுங்கள். கடவுச்சொல்லை உயிர்த்தோழனிடமும் சொல்லலாகாது. ஒருமுறை அனுப்பிய படத்தை அழித்தாலும், பெற்றவர் நகல் எடுத்து வைத்திருக்கக்கூடும்.

இவ்விடத்தில் பெரியோரும் தம்மைக் கவனிக்க வேண்டும். பேத்தி பரிசு பெற்ற மகிழ்ச்சியில் பள்ளிச் சீருடையுடன் அவள் படத்தை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுகிறோம். பெயரும் பள்ளியும் ஊரும் அந்த ஒரு படத்திலேயே வெளியாகிவிடுகின்றன. "அம்மா, இந்தப் படத்தை அத்தைக்கு அனுப்பட்டுமா?" என்று குழந்தையிடம் கேட்டுவிட்டு அனுப்பினால், பிறர் படத்தைக் கேளாமல் அனுப்பலாகாது என்பதை அதுவும் கற்றுக்கொள்ளும். குடும்பத்தோடு யாத்திரை செல்வதையும் வீடு திரும்பியபின் அறிவிப்பதே நலம். பூட்டிய வீடு எதுவென்று ஊருக்கு உரைப்பானேன்?

வேடம் அணிந்து வருவோர்

இராவணன் பஞ்சவடிக்குத் தன் உருவில் வரவில்லை, துறவியாக வந்தான். அதிதியை உபசரிப்பது அறம் என்று எண்ணிய அன்னை சீதையின் நற்குணத்தையே அவன் வாயிலாகக் கொண்டான். இணைய விளையாட்டுகளில் "நானும் ஏழாம் வகுப்புதான்" என்று பழகுபவர் உண்மையில் எவர் என்பதைத் திரை காட்டாது. படம் அனுப்பு, கேமராவைத் திற, இதை வீட்டில் சொல்லாதே என்ற மூன்றில் எதனைக் கேட்டாலும் அது வேடம் என்று அறிந்து, உடனே பெரியவரிடம் வந்து சொல்லுமாறு கற்பியுங்கள்.

முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவை 13 வயது நிரம்பாதவர்க்குக் கணக்கு இல்லை என்று விதி வகுத்துள்ளன. பொய்யான பிறந்த தேதியை இட்டுப் பேரனுக்குக் கணக்குத் திறந்து தருவது, இணையத்தின் வாசலிலேயே அவனுக்குப் பொய்யைக் கற்பிப்பதாகும். வங்கி அதிகாரி என்றும் காவல்துறை என்றும் பேசி ஓ.டி.பி. எண்ணைக் கேட்போரும் வேடதாரிகளே. உண்மையான வங்கி எதுவும் அதனைக் கேட்பதில்லை.

திரைக்கு அப்பாலும் ஒரு மனம்

இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று சொல்லுக்காகவே தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார் திருவள்ளுவர். வகுப்புத் தோழர் குழுவில் ஒரு மாணவனின் நிறத்தையோ மதிப்பெண்ணையோ எள்ளி ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை இடுகின்றனர். நேரில் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணீர் நம்மைத் தடுக்கும். திரையில் அக்கண்ணீர் தெரிவதில்லை. ஆகவே, "இதை அவன் முகத்தைப் பார்த்து, அவன் தாய் அருகில் இருக்கும்போது சொல்வாயா?" என்ற கேள்வியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பிறர் இழித்துரைக்கும்போது சிரிப்புப் பொம்மை இடாதிருப்பதும், பாதிக்கப்பட்டவனுக்குத் தனியே ஓர் ஆறுதல் சொல் அனுப்புவதும் தருமமே.

அபயம் அளியுங்கள்

இவ்வளவு கற்பித்தும் பிள்ளை ஏமாற நேரலாம். ஒரு படத்தைக் காட்டி எவரேனும் மிரட்டக்கூடும். அப்பொழுது குழந்தை பெரிதும் அஞ்சுவது மிரட்டுபவனை அன்று. வீட்டில் விழப்போகும் திட்டையும் அடியையும், கைப்பேசி பறிபோவதையுமே அஞ்சுகிறது. அந்த அச்சத்தால் மறைக்கிறது. மறைக்க மறைக்க மிரட்டல் வளர்கிறது. "என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், நான் கோபிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்களித்து, சொன்ன நாளில் அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள். சரணடைந்தவரைக் கைவிடாமையே இராமபிரானின் விரதம்.

பிறகு செய்ய வேண்டியவை எளியவை. மிரட்டுபவனுக்குப் பணம் தரலாகாது. வந்த செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் வெளியிடாமலும் பதியலாம். இவ்விரு எண்களையும் பூஜையறை நாட்காட்டியில் எழுதி வைத்தால் வீட்டில் அனைவர் கண்ணிலும் படும்.

மாலையில் விளக்கேற்றும் வேளையில், பெரியோர் உட்பட அனைவரும் கைப்பேசியை ஒரு தட்டில் வைத்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றாக அமருங்கள். ஒரு துதி பாடியபின், அன்று இணையத்தில் கண்டதைப் பிள்ளை சொல்லட்டும். குறுக்கிடாமல் கேளுங்கள்.