கல்லூரியின் கம்ப்யூட்டர் வைத்தியர்

காலை மணி எட்டு. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் பஸ்கள் வரிசையாகச் செல்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கார்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் அவை. நடுவே கல்லூரி பஸ் ஒன்று. அதில் ஓர் இளைஞர் அமர்ந்திருக்கிறார். அவர் பையில் புத்தகம் இல்லை. திருப்புளியும் குறடும் இருக்கின்றன.

அவர் ஆசிரியர் அல்ல, மாணவரும் அல்ல. கல்லூரிக் கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் வைத்தியர்!

இது புதிய உத்தியோகம் என்று எண்ணவேண்டாம். 1973-ம் ஆண்டில், மேற்கு ஜெர்மனியின் உதவியால் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. மாணவர்கள் தங்கள் கணக்கை அட்டைகளில் துளையிட்டுக் கொடுப்பார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துக்கள். ஊழியர்கள் அவற்றை இயந்திரத்தில் செலுத்துவார்கள். விடை வரும்வரை மாணவர் காத்திருக்கவேண்டும். 1978-ல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை, அரசாங்க நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டது.

அன்று கல்லூரிக்கே ஒரு கம்ப்யூட்டர். இன்று மாணவருக்கு ஒன்று! தொழிற்சாலையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கவேண்டும் என்பதை நிர்வாகம் முடிவு செய்கிறது. கல்லூரியிலோ, ஆளுக்கு ஒரு ரகம் கொண்டுவருகிறார்கள். அத்தனைக்கும் நம் வைத்தியரே மருந்து சொல்லவேண்டும்.

"சார், வை-பை வரவில்லை!" "பாஸ்வேர்டு மறந்துவிட்டது!" "புரொஜெக்டர் எரியவில்லை!" ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரில் பிளக் கழன்றிருக்கும். சிரிக்காமல் மாட்டிவிட்டு வருவதும் இந்தத் தொழிலில் ஒரு கலைதான்.

ஆனால், சிரிக்க முடியாத நாளும் உண்டு. படிப்பு முடியும் தறுவாயில் ஒரு மாணவி கண்கலங்கி வந்து நிற்பாள். மாதக்கணக்கில் செய்த பிராஜெக்ட் ஒரே டிஸ்க்கில்; அந்த டிஸ்க்கில் 'டிக், டிக்' என்று சத்தம். மீண்டும் மீண்டும் ஓடவிட்டால் உள்ளதும் போய்விடும். உடனே நிறுத்தவேண்டும். நிறுத்தினாலும், எல்லாம் மீளும் என்று எந்த வைத்தியராலும் உறுதி சொல்ல முடியாது.

வருமுன் காக்க வழி எளிது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில்; அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் இந்த வைத்தியரை யாரும் நினைப்பதில்லை. அதுவே அவருக்கு வெற்றி!

உங்கள் வீட்டிலும் கல்லூரிப் பிள்ளை உண்டா? இன்று சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "பிரதி எடுத்து வைத்தாயா, கண்ணு?"