ஓடி ஓய்ந்த குதிரைகள்

நாஞ்சில் நாட்டிலே உழவு மாடு கிழமாகிவிட்டால் அதனை என்ன செய்வது என்பது ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஒருநாள் எழுகின்ற கேள்வி. சந்தைக்கு ஓட்டுவோரும் உண்டு. தொழுவத்திலேயே கட்டிச் சாகுமட்டும் வைக்கோல் போடுவோரும் உண்டு. எதைச் செய்தாலும், அம்மாட்டின் உழைப்பை உண்டவன் யார் என்பதில் ஊராருக்குச் சந்தேகமிராது. பந்தயக் குதிரையின் விஷயம் அப்படியன்று. அதனால் பொருள் கண்டவர் பலர். அது ஓய்ந்தபின் அதற்குரியவர் யாரென்று கேட்டால் முன்வருவார் ஒருவருமிலர்.

பந்தய மைதானமே இல்லாத நமது ஜில்லாவுக்கு இந்தக் கவலை ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. வயலில் களை பறிக்கையில் பாம்பு தீண்டி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படும் நம்மவன் உடலில் ஏற்றப்படும் விஷமுறி மருந்து எங்கிருந்து வருகிறது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரையின் உடலில் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்தே அம்மருந்தைச் செய்கிறார்கள். விஷத்தை எடுத்துக் கொடுப்போரில் முதன்மையானவர், மகாபலிபுரத்தருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்தும் இருளர்கள். ஓட்டம் ஓய்ந்த பந்தயக் குதிரைகளிலும் சில இந்தச் சீரம் சாலைகளுக்கே போய்ச் சேருகின்றன. ஆகவே உயிர்க்கடன் பட்டவர் வரிசையில் நாமும் நிற்கிறோம்.

குதிரையின் ஆயுள் இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாது. பந்தயத்தில் அதனை இரண்டு வயதிலேயே இறக்கிவிடுகிறார்கள். எலும்பு முற்றுமுன்பே ஓட்டம் ஆரம்பமாகிறது. பத்து வயதுக்கு முன்னரே பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். தசைநார் அறுந்தோ, மூட்டு வீங்கியோ, அல்லது வெறுமனே வேகம் குறைந்தோ லாயத்தை விட்டு வெளியேறும் அந்தப் பிராணிக்கு எஞ்சியிருப்பது ஆயுளில் பாதிக்கு மேல். அதன்பின் குதிரையேற்றப் பள்ளி, கடற்கரைச் சவாரி, கல்யாண ஊர்வலம் என்று கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் தீனி ஒருபடி குறைந்து வரும். நரி பரியானதும், அந்தப் பரி மீண்டும் நரியானதும் திருவிளையாடலில் ஓரிரவுக் கதை. இங்கே பரி நரியாவதற்குச் சில வருஷம் பிடிக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

இப்போது இதைப் பேசவேண்டிய அவசியம் வந்திருக்கிறது. 2024 ஜூன் மாதம் உதகமண்டலத்துப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் குத்தகை ரத்தாயிற்று. கிண்டி நிலம் சுதந்திரத்துக்கு முன்னரே 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம்! இன்று ஒரு குதிரையின் ஒரு வாரத் தீனிக்கும் அது காணாது. பொதுநிலம் பொதுமக்களுக்குத் திரும்புவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆயின் வாடகைப் பாக்கியைப் பற்றியும் பூங்காவைப் பற்றியும் எழுந்த வாதங்களில் லாயத்தில் நின்ற ஜீவனைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

சட்டமோ எனில், பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது குற்றமென்று 1960-ம் வருஷத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல்! உதகைக் கடைத்தெருவில் குப்பை மேயும் மட்டக் குதிரைகளைக் கண்டவர்களுக்கு இந்த அபராதத்தின் யோக்கியதை விளங்கும்.

அடைக்கலம் தருவோர் இல்லாமற் போகவில்லை. நீலகிரியில் மசினகுடியை அடுத்த மாவனல்லாவில் ஹில் வியூ பண்ணை என்றோர் இடத்தில் குதிரை, கழுதை, மாடு முதலியவை காப்பாற்றப்படுகின்றன. அமெரிக்காவில் 1986-ம் வருஷத்துக் கெண்டக்கி டெர்பியை வென்ற பெர்டினாண்ட் என்னும் குதிரை, ஜப்பானுக்கு விற்கப்பட்டு 2002-ல் கசாப்புக்குப் போனதாகத் தெரியவந்தது, ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே கெண்டக்கியில் ‘ஓல்ட் பிரெண்ட்ஸ்’ என்ற ஓய்வுப் பண்ணை தோன்றியது.

நிற்க. நம்மூர்க் குடும்பமொன்று ஒரு குதிரையை ஏற்க முன்வந்தால் நடக்குமா? ஆர்வம் மட்டும் போதாது. நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ தீவனம் வேண்டும். வெறும் வைக்கோலில் அது பிழைக்காது, புல்லும் கொள்ளும் தேவை. ஆறெட்டு வாரத்துக்கொருமுறை குளம்பைச் சீவ ஆள் வேண்டும். இரண்டு பருவ மழையும் பெய்யும் நமது நன்செய்ப் பக்கத்தின் ஈரத்தில் குளம்பு அழுகும்; ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட காற்றோட்டமான மேட்டுநிலமே அதற்கேற்றது. நமக்கு வடக்கே, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில் அராபியக் குதிரைகள் வந்திறங்கிய காலத்தில், அவற்றைப் பேணத் தெரியாமலேயே பாண்டியர் வருஷந்தோறும் பல குதிரைகளை இழந்தனர் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். எழுநூறு வருஷம் கழித்தும் அந்தக் குறையை நாம் முற்றிலும் தீர்க்கவில்லை. லாடம் கட்டத் தெரிந்தவரை இன்றும் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

ஆதலால் இச்செலவைத் தனிக் குடும்பத்தின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. பந்தயத்தின் மீது சர்க்கார் 2017-ல் நூற்றுக்கு 28 வீதம் வரி விதித்தது. 2025-ல் அது நூற்றுக்கு 40 ஆயிற்று. கஜானாவுக்கு இவ்வளவு பங்குண்டு. உடைமையாளனுக்குப் பரிசுப் பணமுண்டு. ஓடிய காலுக்கு மட்டும் பங்கில்லை. ஒவ்வொரு பந்தயத்தின் பரிசிலும் வரியிலும் ஒரு சிறு வீதத்தை ஒதுக்கி, குதிரையை ஏற்கும் பண்ணைக்கு அதன் ஆயுள்வரை மாதந்தோறும் தரலாம். குதிரை யாரிடம் போயிற்று, உயிரோடிருக்கிறதா என்பதற்கும் ஒரு பதிவேடு வேண்டும். பிறப்பையும் வம்சத்தையும் பிசகாமல் புஸ்தகத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.