அயல்நாட்டுத் தமிழரும் ஆங்கில ஒலிப்புப் பயிற்சியும்

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள கோவளத்தை, அங்கு வந்து தங்கிய ஐரோப்பியர் 'கோவ்லாங்' என வழங்கினர். 1752 இல் கிளைவ் அவ்வூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய செய்தியை உரைக்கும் ஆங்கில நூல்களில் அவ்வடிவமே காணப்படுகின்றது. தமக்குப் பழகாத ஒலியைப் பழகிய ஒலியால் ஈடுசெய்து கொள்ளுதல் மாந்தர்க்கு இயல்பு. அஃது அறிவின் குறையன்று. செவியும் நாவும் தாய்மொழியிற் படிந்தமையின் விளைவு.

கோவளத்தினின்று மேற்கே சென்றால் கேளம்பாக்கமும் அதனை அடுத்துச் சிறுசேரியும் வரும். அப்பகுதிக் கணினி நிறுவனங்களினின்று அயல்நாடு செல்வோர் பலர். ஆங்கிலத்தைப் பிழையற எழுத வல்ல அவர்களுள்ளும், தொலைபேசியில் 'மறுமுறை கூறுக' என மீண்டும் மீண்டும் கேட்கப்பெற்று, நாளடைவில் பேசவே அஞ்சுவார் உளர். அங்ஙனம் அஞ்சுவோர் நாடவேண்டிய வகுப்பு எத்தகையது என்பதையும், அதற்குத் தமிழிலக்கணம் யாங்ஙனம் துணைபுரியும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

குடியேறியோர்க்கு மொழி கற்பிக்கும் பணியை அரசுகளே மேற்கொண்டுள்ளன. ஆஸ்திரேலிய அரசின் குடியேறியோர் ஆங்கிலத் திட்டம் 1948 இல் தோன்றியது. ஒருவருக்கு 510 மணி நேரம் என நெடுங்காலம் நிலவிய வரம்பு 2021 இல் நீக்கப்பட்டது. கனடிய நடுவணரசின் 'லிங்க்' திட்டம் 1992 இல் தொடங்கப்பெற்றது. கனடியக் குடிமக்களாகிவிட்டவர் அதிற் சேர இயலாது. அவர்கள் ஒன்ராறியோ முதலிய மாநிலங்களில் பள்ளி வாரியங்கள் நடத்தும் முதியோர் வகுப்புக்களை நாடலாம். கனடாவில் மொழித்திறன் பன்னிரண்டு படிநிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஆயின் இவ்வகுப்புக்கள் கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கையும் ஒருங்கே கற்பிப்பன. ஒலிப்பு ஒன்றிலேயே இடர்ப்படுவார், தேர்வுநிலையிலேயே அதனை எடுத்துரைத்துத் தனி ஒலிப்பு வகுப்பு உண்டா என வினவுதல் வேண்டும். இன்றேல், அறிந்த இலக்கணத்தையே மீளக் கற்றுக் காலம் கழிய நேரும்.

இனி, ஒலிப்புப் பயிற்சியின் நோக்கம் யாது? கனடிய அறிஞர் மன்றோவும் டெர்விங்கும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றினை வேறுபடுத்திக் காட்டிற்று: அயல்சாயல் மிகுதி, கேட்போர் உணரும் கடினம், சொல் உண்மையில் விளங்குதல். அயல்சாயல் மிக்க பேச்சும் முற்றும் விளங்குவதாக இருத்தல் கூடும் என்பது அவர்தம் முடிபு. எனவே, ஆங்கிலேயர் போலவே பேசச் செய்வோம் என்று விளம்பரம் செய்யும் வகுப்பு வேண்டாததை விற்பதாகும். விளக்கத்தைக் கெடுக்கும் ஒலிகளை மட்டும் திருத்தும் வகுப்பே தக்கது.

தமிழர் பேச்சில் விளக்கத்தைக் கெடுப்பன யாவை? முதலாவது, வல்லின வேறுபாடு. தமிழில் வல்லெழுத்து மொழிமுதலில் வெடிப்பொலியாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வொலியாகவும் இடம்பற்றி ஒலிக்கும், பொருள் வேறுபடாது. ஆங்கிலத்திலோ பூங்காவைக் குறிக்கும் 'பார்க்' வேறு. நாய் குரைத்தலைக் குறிக்கும் 'பார்க்' வேறு. முன்னதன் பகரம் மூச்சொலி கலந்து பிறப்பது. அம்மூச்சின்றித் தமிழர் கூறுங்கால், ஆங்கிலச் செவிக்குப் பின்னதாகவே படுதல் கூடும்.

இரண்டாவது, அசையமைப்பு. மெய்ம்மயக்கம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராது, வல்லெழுத்து ஈறாகாது. ஆதலின் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. 'பேக்' என்பது உகரம் பெற்றுப் 'பேகு' ஆகிறது. ஓரசைச் சொல் ஈரசையாதலின் கேட்போர் மயங்குவர்.

மூன்றாவதும் தலையாயதும் அழுத்தம். 'ரெக்கார்ட்' என்பதன் முதலசையை அழுத்தினால் பெயர். இரண்டாமசையை அழுத்தினால் வினை. அழுத்தம் பெறாத உயிர் தன் வடிவிழந்து குறுகும். 'பனானா' என்னும் சொல்லின் மூன்று உயிர்களுள் நடுவணது மட்டுமே முழுதொலிக்கும். நம்மவர் மூன்றையும் முழுதொலிப்பர். உயிர் இடம்பற்றிக் குறுகுதல் தமிழர்க்குப் புதிதன்று. குற்றியலுகரமும் ஐகாரக்குறுக்கமும் கற்றவர்க்கு இதனை விளக்குதல் எளிது.

பிறப்பிடம் பற்றியும் ஒன்று கருதத்தக்கது. ஆங்கிலத்தின் டகரம் நம் டகரம் போல நாமடங்கிப் பிறப்பதன்று; நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொடப் பிறப்பது. தொல்காப்பியப் பிறப்பியல் டகரத்தையும் றகரத்தையும் வேறு முயற்சியாற் பிறப்பனவாகப் பிரித்துரைக்கும். அப்பழைய வல்லொலி றகரம் ஈழத்தமிழர் பேச்சில் இன்றும் வாழ்கின்றது. நாம் 'டொராண்டோ' என எழுதும் நகரை அவர்கள் 'ரொறன்ரோ' என எழுதுதல் அதனாலேயாம். அவ்வெழுத்தில் முதலும் ஈறும் ஆங்கில ஒலிக்கு நம் டகரத்தினும் அணுக்கமாக நிற்கின்றன.

ஆகவே வகுப்பை நாடுவோர் கேட்கத்தக்கன நான்கு: அழுத்தமும் இசையும் கற்பிக்கப்படுமா? மாணவர் பேச்சைப் பதிவுசெய்து தனித்தனியே திருத்துவரா? தொழிலில் நாளும் வழங்கும் சொற்களைக் கொண்டு பயிற்றுவரா? ஆசிரியர்க்குத் தமிழொலி பற்றிச் சிறிதேனும் அறிவுண்டா?

நான்காவது வினாவுக்கு விடை பெரும்பாலும் இல்லை என்றே வரும். அக்குறை ஆங்கில ஆசிரியருடையது மட்டுமன்று; நம்முடையதும் ஆகும். ஆங்கிலேயர் தமிழ் பயிலும் பொருட்டு ஃபெர்த் என்னும் ஒலியியலறிஞர் தமிழொலிப்பைப் பற்றி எழுதிய குறிப்பு, 1934 இல் ஆர்டனின் இலக்கண நூலுடன் இணைந்து வெளிவந்தது. அதன் மறுதலையாய், பிறப்பியலும் மொழிமரபும் அடிப்படையாக ஆங்கில ஒலிகளைத் தமிழர்க்கு விளக்கும் நூலை ஆக்கித் தருதல் தமிழ்த்துறைகளின் கடனாகும். தம் நாவின் இயல்பை அறிந்தவன் அதனை நாணான். வேண்டும்பொழுது வேறுவகையாகவும் இயக்குவான்.