எந்தப் பால் சிறந்தது?

 



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் பள்ளிவாசல் முற்றத்தில் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகளுக்கு நான்கு மாதம் ஆகிறது. தாய்ப்பால் போதவில்லை போலிருக்கிறது, ஆட்டுப்பால் கொடு என்கிறார்கள் உம்மா. தெருவில் கழுதையை ஓட்டி வருபவரிடம் ஒரு சங்கு பால் வாங்கிப் புகட்டினால் சளியே பிடிக்காது என்கிறார்கள் பக்கத்து வீட்டார். உம்ராவுக்குப் போய் வந்த மச்சான், ஒட்டகப்பால்தான் சுன்னத் என்கிறார். இவற்றில் எதைக் கொடுக்கட்டும்?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஏதாவது ஒரு பாலின் பெயரை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். அவருக்குச் சொல்ல வேண்டியதை விரிவாகவே சொல்லலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். பால் பற்றிய இந்தக் குழப்பம் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது.

ஒவ்வொரு பாலும் ஒரு குட்டிக்காக

திருக்குர்ஆனின் 16வது அத்தியாயமான அந்நஹ்ல், கால்நடைகளின் பாலை நாம் சிந்தித்துப் படிப்பினை பெற வேண்டிய சான்றாக நம் முன் வைக்கிறது. சிந்தித்துப் பார்த்தால் முதலில் விளங்குவது இதுதான்: எந்தப் பிராணியின் பாலும் முதலில் அதன் குட்டியின் தேவைக்கு ஏற்றவாறே படைக்கப்பட்டிருக்கிறது.

பிறந்தபோது இருந்த எடை இருமடங்காக, மனிதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகின்றன. பசுங்கன்றோ இரண்டு மாதங்களுக்குள் அந்த வளர்ச்சியை எட்டிவிடும். அதனால் 100 கிராம் தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 கிராம்தான். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் தாய்ப்பாலில் சுமார் 7 கிராம். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் பாலில் ஐந்து கிராமுக்குள்தான். கன்றுக்கு எலும்பும் தசையும் விரைந்து வளர வேண்டும். நம் பிள்ளைக்கோ மூளை நிதானமாக வளர வேண்டும். இரண்டுக்கும் தேவையானதைப் படைத்தவன் தனித்தனியே அளந்து வைத்திருக்கிறான்.

நாம் அருந்தும் பால்கள்

பசும்பால்: 100 கிராமில் கொழுப்பு 3.5 முதல் 4.5 கிராம் வரை, புரதம் 3.2 கிராம், கால்சியம் சுமார் 120 மில்லிகிராம். அதன் இளமஞ்சள் நிறத்துக்குக் காரணம் கரோட்டின் என்ற சத்து. பசு நெய் மஞ்சளாக இருப்பதும் அதனால்தான்.

எருமைப்பால்: கொழுப்பு 6.5 முதல் 8 கிராம் வரை. புரதமும் பசும்பாலைவிடச் சற்றுக் கூடுதல். பசும்பால் 65 முதல் 75 கலோரி வரை தருமென்றால், இது 100 கலோரிக்கு மேல் தரும். எருமையின் உடல் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பாலும் நெய்யும் வெண்மையாக இருக்கின்றன. மெலிந்த பிள்ளைகளுக்கும் உடலுழைப்பு மிகுந்தவர்களுக்கும் இது நல்லது. இதய நோயும் கொழுப்பும் உள்ள பெரியவர்கள் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு அளவோடு அருந்த வேண்டும்.

வெள்ளாட்டுப் பால்: கொழுப்பும் புரதமும் ஏறத்தாழப் பசும்பால் அளவுதான். கொழுப்புத் துளிகள் சிறியவை. வயிற்றில் திரளும்போது மிருதுவாகத் திரள்கிறது. அதனால் சிலருக்கு எளிதில் செரிக்கிறது. ஆனால் இரத்தம் ஊறுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலம் இதில் மிகக் குறைவு. ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு இரத்தசோகை ஏற்பட்டதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும்.

செம்மறிப் பால்: கொழுப்பு 6 முதல் 7 கிராம், புரதம் 5 கிராமுக்கு மேல் கொண்ட மிகக் கெட்டியான பால். குடிப்பதைவிடப் பாலாடைக்கட்டி செய்யவே இது அதிகம் பயன்படுகிறது. கிரேக்க நாட்டின் பெயர்பெற்ற ஃபெட்டா இப்பாலில்தான் செய்யப்படுகிறது. அதில் வெள்ளாட்டுப் பாலும் ஓரளவு சேர்ப்பதுண்டு.

ஒட்டகப்பால்: கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ மும்மூன்று கிராம். இலேசான உப்புச் சுவை உண்டு. வைட்டமின் சி பசும்பாலைவிடப் பல மடங்கு அதிகம். காய்கனிகள் அரிதான பாலைவனத்தில் வாழ்வோருக்கு இது எத்தகைய அருள் என்று எண்ணிப் பாருங்கள்! இந்தியாவில் குஜராத்தின் அமுல் நிறுவனம் 2019இல் இதைப் புட்டியில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சமையலறையில்

சகோதரிகளுக்கு இது அனுபவத்தில் தெரிந்ததுதான். கெட்டித் தயிர், பன்னீர், திக்கான தேநீர் ஆகியவற்றுக்கு எருமைப்பால் ஏற்றது. இலங்கையில் சட்டியில் உறையவைத்த எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றி உண்பார்கள். இத்தாலியின் கம்பானியா பகுதியில் மொஸரெல்லா என்னும் பாலாடைக்கட்டியை எருமைப்பாலில் செய்கிறார்கள். மிருதுவாக வர வேண்டிய ரசகுல்லா போன்ற இனிப்புகளுக்குப் பசும்பால் பொருந்தும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பசும்பாலில் கிண்டப்படுவதே.

நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சும்போதும், பெருநாளன்று சேமியாப் பாயசம் வைக்கும்போதும் எருமைப்பால் சேர்த்தால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுப்பால் தயிர் தளர்வாகவே உறையும். ஒட்டகப்பாலைக் கட்டித் தயிராக உறையவைப்பது கடினம். பாலைத் திரளச் செய்யும் கப்பா கேசீன் என்ற புரதம் அதில் மிகவும் குறைவு. ஆகவே கஸகஸ்தானில் அதைப் புளிக்கவைத்து ஷுபாத் என்ற பானமாகவே அருந்துகிறார்கள்.

மார்க்கத்தின் பெயரால் மிகைப்படுத்த வேண்டாம்

நபி (ஸல்) அவர்கள் ஆட்டின் பாலையும் ஒட்டகத்தின் பாலையும் அருந்தியிருக்கிறார்கள். அந்த மண்ணில் கிடைத்த பால் அது. அதை விரும்பி அருந்துவது நல்லதே. ஆனால் பசும்பால் குடிப்பவர் சுன்னத்தை விட்டவர் என்றோ, ஒட்டகப்பால் சர்க்கரை நோயை நீக்கிவிடும் என்றோ மார்க்கத்தின் பெயரால் சொல்வது தவறு. ஒட்டகப்பாலைப் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. அதை நம்பி இன்சுலினை நிறுத்துபவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

கழுதைப்பால் குறித்தும் நேர்மையாகப் பேசுவோம். லாக்டோஸ், புரத அளவுகளில் அது தாய்ப்பாலுக்கு ஓரளவு நெருக்கமானது என்பது உண்மை. ஆனால் அதில் கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறாது. பிள்ளை வளரத் தேவையான சக்தி அதில் இல்லை. தெருவில் கறந்து காய்ச்சாமல் புகட்டப்படும் பாலில் கிருமிகள் வேறு. நாட்டுக் கழுதையின் இறைச்சி ஹிஜ்ரி 7இல் கைபர் போரின்போது தடைசெய்யப்பட்டது. அதன் பாலும் கூடாது என்பதே பெரும்பான்மையான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. ஹலாலான மாற்று வழிகள் கையருகே இருக்கும்போது நிர்ப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

ஒன்று: எந்தப் பாலாயினும் காய்ச்சியே அருந்துங்கள். காய்ச்சாத பாலின் மூலம் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் பரவும். கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவும் நேரக்கூடும். 2012இல் சவூதி அரேபியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய்க்கும் ஒட்டகத்துக்கும் தொடர்பு உண்டு. காய்ச்சாத ஒட்டகப்பாலைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஹஜ், உம்ரா செல்வோர் இதை மறக்க வேண்டாம்.

இரண்டு: பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ மாற்றாகாது. அவற்றின் புரதங்கள் மிகவும் ஒத்திருப்பதால் பெரும்பாலும் அவையும் ஒத்துக்கொள்ளாது. லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்பும் பெரியவர்களுக்கு, பாலை மாற்றுவதைவிடத் தயிரும் மோரும் உதவும். உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

மூன்று: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் பிற உணவுகளுடன் இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாலூட்டும் காலத்தை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையாக இரண்டாண்டுகள் என்று திருக்குர்ஆனும் வரையறுத்திருக்கிறது. ஒரு வயது நிறையும் முன் விலங்குகளின் பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால் இரும்புச்சத்துக் குறையும். சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். தாய்ப்பால் உண்மையிலேயே போதவில்லை என்றால் என்ன கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மார்க்கச் சட்டத்திலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஒரே ஆட்டின் பாலைக் குடித்த இரு பிள்ளைகள் பால்குடி உறவினர் ஆவதில்லை. ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைக்கு மட்டுமே அவள் தாயாகிறாள். மனிதத் தாயின் பாலுக்கு உள்ள தகுதி வேறு எந்தப் பாலுக்கும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். குழந்தையின் எடை சரியாகவே இருப்பதாக மருத்துவர் சொன்னாராம். அடிக்கடி பாலூட்டும்படியும், தாய் நன்றாக உண்டு ஓய்வெடுக்கும்படியும் அறிவுறுத்தினாராம். "வீட்டில் உம்மாவே இப்போது மருமகளுக்குக் காலையிலும் இரவிலும் பால் காய்ச்சிக் கொடுக்கிறார்கள் ஹஜ்ரத்" என்றார். "என்ன பால்?" என்று கேட்டேன். "பசும்பால்தான். ஆட்டுப்பாலும் வாங்குகிறோம். அதை உம்மா குடிக்கிறார்கள்" என்று சிரித்தார்.

அன்பர்களே! எந்தப் பால் சிறந்தது என்று கேட்பதற்கு முன், யாருக்கு என்று கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தாயின் பால். மற்றவர்களுக்கு அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற, ஹலாலான, காய்ச்சிய பால்.

எல்லாம் வல்ல அல்லாஹ், தான் அளித்த அருட்கொடைகளை அறிந்து பயன்படுத்தும் நல்லறிவை நம் அனைவருக்கும் வழங்குவானாக! நம் குழந்தைகளை உடல் நலத்தோடும் ஈமானோடும் வளரச் செய்வானாக! ஆமீன்.